எலுமிச்சம்பழத்தை எடுத்துவிடச் சொன்னார்கள்

மதுரை,
புரட்டாசி கடைசி சனி, இரவு 11.30

அன்புள்ள மாப்ள முருகேசா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு அதே முழங்கால் வலி, அதே தைலம், அதே புலம்பல். மீனா பத்தாவது போய்விட்டாள். புரட்டாசி என்பதால் ஒரு மாதமாகக் கறி கிடையாது, வீட்டில் எல்லாருக்கும் எல்லார் மேலும் கோபம். அவ்வளவுதான் குடும்பச் செய்தி.

எட்டு மாதமாக உன்னைக் கூப்பிடவில்லை. உனக்கு வேலை போனதை நம் கூட்டாளி கோழி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை நம்பரை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அடுத்து என்ன பண்ணப் போறே?" என்று கேட்கிற நூறாவது ஆளாக இருக்க வேண்டாமே என்று கீழே வைத்தேன். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று, அப்புறம் கூப்பிடாமல் விட்டதே ஒரு வெட்கமாகி, அந்த வெட்கத்தாலேயே மேலும் கூப்பிடவில்லை. திட்டிக்கொள். திட்டி முடித்ததும் மேலே படி, உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. காரியம் இருந்தால்தான் இவன் வருவான் என்று பரமசிவம் சார் கல்லூரியிலேயே சொன்னார், மனுஷன் வாய் பலித்துவிட்டது.

முதலில் உன்னைச் சிரிக்க வைக்கிறேன். ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவும்போது பழைய மெஷினுக்குப் பின்னால் ஒரு டப்பா கிடைத்தது. உள்ளே உன் கிறுக்கல் எழுத்தில் 'மஹால் ஃபைனல் 7' என்று ஒரு சிடி. ஃபைனல் ஏழு! 2004-ல் நாம் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் விளையாட்டுக்கு மேப்பாகக் கட்டிய திருமலை நாயக்கர் மஹால். ஓரமெல்லாம் பூஞ்சை, ஆனால் நடுவில் உயிர் இருந்தது. கடையில் தவசி என்று ஒரு பையன் இருக்கிறான். அவன் வீட்டுக்கு எடுத்துப்போய் ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டான்.

ஞாபகமிருக்கிறதா, மேப்பில் எங்கோ ஓட்டை என்று இரண்டு மாதம் 'லீக்', 'லீக்' என்று அலறியது? ராத்திரி பூராவும் பிரவுசிங் சென்டரில் மேப்பை ஓடவைக்கும் கம்பைல் போட்டுவிட்டுப் போவோம், காலையில் வந்தால் அதே லீக். சென்டர் அண்ணன் கரண்ட் பில்லை நம் மூஞ்சியில் ஆட்டுவார். மேப் மெனுவில் 'லோட் பாயிண்ட்ஃபைல்' என்று ஒன்று இருந்திருக்கிறது மாப்ள. அழுத்தினால் ஓட்டை எங்கே என்று கோடு போட்டு அதுவே கூட்டிக்கொண்டு போகிறது. நாம் அதைத் தொட்டதேயில்லை. தவசி பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தான். நாடகசாலைப் பக்கம் மேல் மூலை, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரே ஒரு யூனிட் இடைவெளி. அது யார் கட்டிய சுவர் என்று உனக்கே தெரியும். இருபத்தோரு வருடமாக என்னைத் திட்டினாயே, இனிமேல் பார்க்கும்போது காலில் விழு.

சரி, அந்தத் தவசியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

செக்கானூரணிப் பையன். வயது 22. மூன்று வருடமாக நம் சிம்மக்கல் பேனர் கடையில் டிசைன் பார்க்கிறான். பகலெல்லாம் காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. மாலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு இரவு ஒரு மணி வரை பஸ் கட்டுகிறான். பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்று ஒரு மொபைல் விளையாட்டு இருக்கிறதே, 2017-ல் வந்தது, அதற்குத்தான். பெயர்தான் இந்தோனேசியா, நம் பக்கத்துப் பையன்களுக்கு அது அரசுப் போக்குவரத்துக் கழகம். வண்டிக்கு வேண்டிய பெயின்டை நாமே போட்டுக்கொள்ளலாம், அதற்கு லிவரி என்று பெயர். வண்டியையே புதிதாகச் செய்தும் ஏற்றலாம், அதற்கு மோட் என்று பெயர். கேரளத்துப் பையன்கள் டூரிஸ்ட் பஸ்ஸில் கில்லாடிகள். நம் ஆட்கள் டவுன் பஸ், மொபசல் பஸ் என்று இறங்கிவிட்டார்கள்.

தவசி செய்வது வெறும் பெயின்ட் இல்லை. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வண்டியின் கூட்டை முதலிலிருந்து எழுப்புகிறான். 'மதுரை – தேனி, வழி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி' போர்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பித் தடுப்பு, படிக்கட்டில் தேய்ந்துபோன தகரம், கண்ணாடிக்கு முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழம் மிளகாய். இன்ஜின் சத்தத்துக்காக ஆரப்பாளையம் ஸ்டாண்டில் ஒரு வண்டியின் பானெட் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு தேனி வரைக்கும் போய்வந்தான். கண்டக்டர் இவனைத் திருடன் என்று நினைத்து நாகமலை புதுக்கோட்டையிலேயே இறக்கிவிடப் பார்த்தாராம்.

அவன் அப்பா தனியார் பஸ் டிரைவர். அதே ரூட்டில் 27 வருடம் ஓட்டிவிட்டு இடுப்பு வலியால் நின்றுவிட்டார். மகன் செய்யும் வண்டிக்கு அவர்தான் பிரேக் இன்ஸ்பெக்டர். கட்டிலில் சாய்ந்துகொண்டு போனில் ஓட்டுவார். "பிரேக் அடிச்சா முன்னாடி குனியணும்டா, இது என்ன கல்லு மாதிரி நிக்குது?" என்பார். இவன் சஸ்பென்ஷன் எண்களை மாற்றிக்கொண்டு வருவான். மறுபடியும் ஓட்டுவார். "இப்ப ரொம்பக் குனியுது, கர்ப்பிணிப் பொம்பள உக்காந்திருந்தா என்ன ஆகும்?" ஒரு வண்டிக்கு இப்படி மூன்று வாரம். யாருமே ஏறாத ஸ்டாப்பிலும் மனுஷன் நிறுத்தித்தான் எடுப்பார்.

போன மாதம் இவனுடைய வண்டியை எவனோ பெயர் மாற்றித் தன் சேனலில் போட்டு, ஃபைலைத் திறக்கும் பாஸ்வேர்டுக்கு வீடியோவைப் பார் என்று ஓட்டிக்கொண்டிருந்தான். தவசி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காசு போனதற்காக என்று நினைத்தேன். "காசு கெடக்குண்ணே, போர்டுல உசிலம்பட்டிக்கு ஒத்து விட்டுட்டான்" என்றான்.

இப்போது அவனுக்கு பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கிடைத்திருக்கிறது. பெயர் வேண்டாம், உனக்குத் தெரிந்த ரகம்தான். வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு வண்டி, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் செய்து அனுப்புகிறவர்கள். மாதம் 28,000. பதினோரு மாத ஒப்பந்தம். நவம்பர் 3 திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அக்கா தங்கை எல்லாரும் ஆகாயத்தில் இருக்கிறார்கள். அவன் மட்டும் என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க சொன்னா போறேன், இல்லன்னா இல்ல" என்று நிற்கிறான்.

நான் போகாதே என்று சொல்லிவிட்டேன் மாப்ள. அரை மணி நேரம் பேசினேன். எனக்கே கைதட்ட வேண்டும் போலிருந்தது.

நீ அந்தக் காலத்தில் எனக்குச் சொன்ன கதைகளையெல்லாம் அவனும் வரிசையாக எடுத்து வீசினான். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கே ஒரு மோட்தானே, 1999-ல் இரண்டு பையன்கள் ஹாஃப் லைஃப் விளையாட்டை வைத்துச் செய்தது, அடுத்த வருடமே ஹாஃப் லைஃப் கம்பெனியான வால்வ் அதை வாங்கிக்கொண்டு அவர்களையும் சேர்த்துக்கொண்டதே என்றான். (அந்த இரண்டு பேரில் ஒருவன் பெயரை, மின் லீ! மின் லீ! என்று நீ ஜபம் பண்ணிக்கொண்டிருந்தது காதில் கேட்டது.) அப்புறம் பப்ஜி. பிரெண்டன் கிரீன் ஆர்மா என்ற விளையாட்டுக்கு மோட் பண்ணிக்கொண்டிருந்த ஆள், 2017-ல் உலகமே அவர் செய்ததை விளையாடியது, 2020-ல் நம் அரசாங்கம் தடை போடுகிற அளவுக்கு. அப்புறம் பெதஸ்தா கம்பெனியின் ஸ்கைரிம் விளையாட்டுக்கு ஃபால்ஸ்கார் என்று ஒரு தனி நாட்டையே கட்டிய அந்த 19 வயதுப் பையன். பெதஸ்தாவில் வேலை வேண்டும் என்றே 2,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்து 2013-ல் வெளியிட்டான். கூப்பிட்டது பெதஸ்தா இல்லை, பன்ஜி என்ற வேறு கம்பெனி. எப்படியோ கிடைத்ததே என்பது தவசியின் கட்சி.

நான் விட்டேனா? மின் லீ பிறகு வால்வை விட்டுக் கொரியாவுக்குப் போன கதையைச் சொன்னேன். 2012-ல் ஆர்மாவுக்கு டேஇசட் மோட் செய்த டீன் ஹால், ஆர்மா கம்பெனியிலேயே அதையே தனி விளையாட்டாக்கப் போய், அது முடிவதற்கு முன்னாலேயே 2014-ல் கிளம்பிவிட்டதைச் சொன்னேன். டோட்டா கதையைச் சொன்னேன். வார்கிராஃப்ட் 3-க்குப் பையன்கள் செய்த மோட், கடைசியில் அந்தப் பெயருக்காக வால்வும் வார்கிராஃப்ட் கம்பெனியான பிளிசார்டும் மோதிக்கொண்டு 2012-ல் சமாதானமானார்கள். அதற்குப் பிறகு சுதாரித்துக்கொண்டது கம்பெனிதான். 2020-ல் வார்கிராஃப்டைப் புதுப்பித்து விட்டபோது, இதை வைத்து நீங்கள் எதைச் செய்தாலும் அது எங்களுடையது என்று நிபந்தனையிலேயே எழுதிவிட்டார்கள். அதோடு, நீ சொல்வது ஊர் பேர் தெரிந்த நாலு பேர் கதை, லாட்டரி விழுந்தவனைக் காட்டி டிக்கெட் விற்கிற மாதிரி என்றேன். அந்த உவமை எனக்கே பிடித்திருந்தது.

அதற்கப்புறம் உன்னை இழுத்தேன். மன்னித்துக்கொள்.

ஒன்பது வருடம் குப்பைத்தொட்டி செய்தவன் என் நண்பன் என்றேன். ஏதோ வெளிநாட்டு ஊரின் நடைபாதையில் நிற்கிற தபால் பெட்டியைச் செய்துவிட்டு, "மாப்ள, வண்டிய நிறுத்தி வலது பக்கம் திரும்பிப் பாரு, அது என்னுது" என்று நடுராத்திரியில் நீ போன் பண்ணியதைச் சொன்னேன். அந்த விளையாட்டின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை நாம் இரண்டு பேரும் முழுதாக உட்கார்ந்து பார்த்தோம், இருபது நிமிடம், உன் பெயர் வரவில்லை. அதையும் சொன்னேன். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் விளையாட்டுப் பிரிவிலிருந்து 1,900 பேரை அனுப்பியது, அடுத்த மாதமே சோனி 900 பேரை அனுப்பியது, அங்கே மரம் சாய்ந்தால் இங்கே கிளையில் உட்கார்ந்திருக்கிறவன் விழுவான், என் நண்பன் அப்படித்தான் விழுந்தான் என்றேன். பையன் முகம் செத்துப்போயிற்று.

அந்த வேகத்தில் வாய் தவறி இன்னொன்றும் வந்துவிட்டது. "இங்கேயே இரு, சம்பளத்தைப் பதினெட்டாக்குறேன்."

இப்போது பதினைந்து கொடுக்கிறேன். தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, ஜவுளிக்கடை, பட்டாசுக்கடை, ஸ்வீட்ஸ்டால் எல்லாரும் பேனருக்கு நிற்கிறார்கள், இவன் இல்லையென்றால் என் கடை நொண்டும். அதெல்லாம் அந்த அரை மணி நேரப் பேச்சில் ஒரு இடத்திலும் வரவில்லை. கடைசியில் பதினெட்டாயிரமாக வெளியே வந்து விழுந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்த மாதிரி ஒரு முகம் வைத்துக்கொண்டு பிரிண்ட் ஹெட்டைத் துடைக்கப் போய்விட்டான். அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை.

அந்த வேலைக்கு அவன் எழுதிய டெஸ்ட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஏழு நாள் கெடு, ஒரு பழைய டீசல் ஜெனரேட்டரைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். உருவம் எத்தனை முக்கோணத்துக்குள் அடங்க வேண்டும், மேலே ஒட்டும் டெக்ஸ்சர் படம் என்ன அளவு, தூரத்திலிருந்து பார்க்க எத்தனை எல்ஓடி, அதாவது எளிமையாக்கிய நகல், எல்லாம் கணக்கு. பையன் ஐந்து நாளில் முடித்துவிட்டான். முடித்தவன் சும்மா இருக்காமல் கைப்பிடியில் ஒரு எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும் கட்டிவிட்டான். பதில் வந்தது. வேலை சுத்தம், துரு நன்றாக வந்திருக்கிறது, கைப்பிடியில் தொங்குவதை மட்டும் எடுத்துவிடவும். எடுத்துவிட்டான். அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பி, அடுத்த வாரம் வேலையும் வந்துவிட்டது.

என்னிடம் கேட்டான்: "அண்ணே, எடுத்தது தப்பில்லைல?"

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை 2008-க்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது. நாம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பெங்களூர் போனோமே, உனக்கும் எனக்கும் ஒரே டெஸ்ட், ஒரு மரப்பெட்டி. நீ முடித்து அனுப்பினாய். அப்பா கடையைப் பார்க்க ஆளில்லை, அதனால்தான் நான் வரவில்லை என்று பதினேழு வருடமாக உன்னிடமும் வீட்டிலும் மீனாவிடமும்கூடச் சொல்லிவருகிறேன். அப்பா கடையை 2010 வரை அவரேதான் பார்த்தார், உனக்கு அது தோன்றவேயில்லையா? நான் அந்தப் பெட்டியை முடிக்கவேயில்லை மாப்ள. நாலு நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மஹால் தூணுக்கு ராத்திரி முழுக்க முழித்த அதே கைக்கு, யாரோ கேட்ட ஒரு பெட்டியின் ஆணியைச் செய்ய வரவில்லை. சோம்பல் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. சில கைகளுக்குத் தன் அரிப்பைத்தான் சொறிய வரும் போலிருக்கிறது. அந்த மாதிரி ஆள் ஸ்டுடியோவுக்குப் போகாமல் இருப்பதே ஸ்டுடியோவுக்கும் நல்லது. ராத்திரி மோட் பண்ணிக்கொண்டு பகலில் கண்ணீர் அஞ்சலி அடிக்கலாம், ஒன்றும் குறைந்துபோகாது. நான் குறைந்துபோகவில்லை. (கொஞ்சம் குறைந்தேன்.)

ஆனால் தவசி என் ரகம் இல்லை. அவன் எடுத்துவிட்டான். வருத்தத்தோடு எடுத்தான், ஆனாலும் அரை மணி நேரத்தில் எடுத்தான். காதுகுத்துப் பேனரில் தாய்மாமன் போட்டோ பெரிதாக வேண்டும் என்று வாடிக்கையாளர் ஏழு தடவை மாற்றச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் மாற்றுகிறவன் அவன். நான்தான் உள்ளே போய்ப் பல்லைக் கடிப்பேன். அடுத்தவனுக்காகச் செய்கிற வேலையிலும் அவனுக்குக் கை ஓடுகிறது. அது ஒரு தனி வித்தை, மோட் நன்றாகச் செய்கிறவர்கள் எல்லாருக்கும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. நான் என் பெட்டியை அவன் தலையில் ஏற்றி வைத்துவிட்டேன். பத்தாததற்கு உன் தபால் பெட்டியையும்.

அதனால் நேற்று அவனைக் கூப்பிட்டு, போடா, போய்ச் சேரு என்று சொல்லிவிட்டேன். பதினெட்டாயிரம் என்ற பேச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், தீபாவளி போனஸ் மட்டும் உண்டு.

கதை இதோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அவன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினான். பதினான்கு பக்கம், இங்கிலீஷ். நான் கோர்ட் நோட்டீஸைத் தவிர இங்கிலீஷில் எதையும் முழுதாகப் படித்தவனில்லை, இருந்தும் படித்தேன். ஒன்பதாவது ஷரத்து என்னவென்றால், வேலையில் இருக்கும் காலத்தில் அவன் உருவாக்குகிற எதுவும், அலுவலக நேரத்தில் செய்தாலும் சரி, வெளியே செய்தாலும் சரி, கம்பெனியைச் சேரும். எழுதிக் கொடுத்த அனுமதி இல்லாமல் வேறு விளையாட்டு சம்பந்தமான எதையும் வெளியிடக் கூடாது.

அப்படியென்றால் ராத்திரி ஒரு மணி பஸ் என்ன ஆகும்?

அது ஏற்கனவே யாருடையது என்பதே குழப்பம்தான், ஒத்துக்கொள்கிறேன். விளையாட்டு இந்தோனேசியாக்காரனுடையது, பெயின்ட் பஸ் முதலாளியுடையது, ரூட் அரசாங்கத்துடையது. நம் மஹால்கூட நாயக்கர் கட்டியதுதானே. ஆனால் அதைச் செய்யாதே என்று அவனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. நாளைக்குப் பகலில் ஜெனரேட்டர், ராத்திரியிலும் பஸ் கிடையாது என்றால் அந்தப் பையனிடம் மிச்சம் என்ன இருக்கும்? நீ பெங்களூர் போன பிறகு எந்த விளையாட்டுக்கும் ஒரு மேப்கூடக் கட்டவில்லை. நேரமில்லை என்றாய். நேரம் மட்டும்தானா, இல்லை உன் தாளிலும் இப்படி ஒரு ஒன்பதாவது ஷரத்து இருந்ததா? நான் கேட்டதேயில்லை. நீ குப்பைத்தொட்டி ஜோக் சொல்வாய், நான் சிரிப்பேன், அதோடு போனை வைத்துவிடுவோம்.

நான் கேட்பது இதுதான். அந்தப் பதினான்கு பக்கத்தையும் வாட்ஸாப்பில் அனுப்புகிறேன், நீ படி. ஏற்கனவே செய்த வண்டிகளைப் பட்டியல் போட்டு, இவை என்னுடையவை என்று கூடவே ஒரு தாள் இணைக்கலாம் என்று கேள்விப்பட்டேன், அது நடக்குமா? காசு வாங்காமல் ராத்திரியில் பஸ் செய்துகொள்ள எழுத்தில் அனுமதி கேட்டால் கொடுப்பார்களா, இல்லை கேட்டதற்காகவே வேலையைப் பிடுங்கிவிடுவார்களா? யாரிடம், எந்த வார்த்தையில் கேட்க வேண்டும்? கையெழுத்துக்கு முன்னால் கேட்பதா, சேர்ந்து மூன்று மாதம் கழித்தா? இது எனக்குத் தெரியாத ஊர். உனக்கு ஒன்பது வருடம் தெரியும்.

பேசும்போது என்னை வைத்துக்கொண்டு பேசாதே, நடுவில் புகுந்து கெடுத்துவிடுவேன். அவனிடம் தனியாகப் பேசு. வேலை போனதையும் மறைக்காமல் சொல்லு, நான் சொன்னது உன் கதையில் பாதிதான், அதுவும் என் வசதிக்கு வெட்டிய பாதி. நல்லதும் இருந்திருக்குமே, அதையும் சொல்லு. தபால் பெட்டிக்காக நடுராத்திரி போன் பண்ணினபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அவன் அப்பாவையும் போய்ப் பார்த்தேன். "டூட்டி எத்தன மணிக்கு முடியும், ஓவர்டைம் உண்டா?" என்று கேட்டார். சில சமயம் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை வாங்குவார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். ஒன்பதாவது ஷரத்தையும் விளக்கினேன், புரிந்ததோ இல்லையோ, கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இருபத்தேழு வருஷம் ஓட்டுனேன், வண்டி மொதலாளியோடது. முன்னாடி தொங்குன எலுமிச்சம்பழம் மட்டும் வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம என் காசுல வாங்குனது."

சரி, நேரமாயிற்று, கரண்ட் வேறு கண்ணடிக்கிறது. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாயா? கோழி புதிதாக வீடு கட்டி அதற்கு என்னிடம் இலவச போர்டு கேட்கிறான், நீ வந்து திட்டினால்தான் அடங்குவான். வந்தால் மஹாலை ஓட்டிக் காட்டுகிறேன், லீக் அடைத்தாயிற்று, கம்பைல் நாலு நிமிடத்தில் முடிகிறது. உன் சுவரைத் தொடவில்லை, கூரையை மட்டும் ஒரு யூனிட் இறக்கினோம்.

உன்,
பாலு

பின்குறிப்பு: நாளை ஞாயிறு. தவசியை மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடு. அதற்கு முன்னால் அப்பா அவனைத் தேனி வண்டியின் பிரேக்கோடு உட்கார வைத்திருப்பார், போனை எடுக்க விடமாட்டார்.